ஏரிக்கரை வேடியப்பன் கல்லும் நாகரிகத்துல சேருமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஒடுகத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. அப்படியே படிக்கிறேன். "சார், நீங்க எகிப்து, சுமேரியா, சிந்து சமவெளின்னு நிறைய பேசுறீங்க. எங்க ஊர் ஏரிக்கரையில ஒரு கல்லு நிக்குது. வில்லு புடிச்ச ஆளு. வேடியப்பன்னு சொல்லிப் பொங்கல் வெக்கிறோம். மேல எழுத்து மாதிரி ஏதோ கீறல் இருக்குது. இதுக்கெல்லாம் மதிப்பு உண்டா? இதுவும் நாகரிகத்துல சேருமா?"

சேரும் தம்பி. எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சதே அந்த மாதிரி ஒரு கல்லுனாலதான்.

பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப எனக்கு எகிப்துன்னா உயிரு. 1799-ல ரொசெட்டா கல்லு கிடைச்சது, 1822-ல ஷம்போலியன் அதை வெச்சு எகிப்து எழுத்தைப் படிச்சது, எல்லாம் மனப்பாடம். சிந்து சமவெளி முத்திரைங்களை நோட்டுல வரைஞ்சு வரைஞ்சு பாப்பேன். 1924-ல அந்த நாகரிகத்தைப் பத்தி உலகத்துக்கு அறிவிச்சாங்க, நூறு வருஷம் ஓடிப்போச்சு, அந்த எழுத்தை இன்னும் எல்லாரும் ஒத்துக்கற மாதிரி யாரும் படிக்கல. எவ்வளவு ஆசையா பாத்தாலும் அது நம்மகிட்ட வாய் திறக்கல.

அப்பதான் எடுத்தனூர் நடுகல்லைப் பத்தித் தெரிஞ்சுது. நடுகல்லுன்னா செத்த வீரனோட நினைவா நடற கல்லு. செங்கம் பக்கம். இப்ப திருவண்ணாமலை மாவட்டம், 1989-க்கு முன்னாடி எல்லாமே நம்ம வட ஆற்காடுதான். 7-ஆம் நூற்றாண்டுக் கல்லு, வட்டெழுத்து, அதாவது அந்தக் காலத்துல தமிழ் எழுதின ஒரு பழைய எழுத்து. மகேந்திரவர்ம பல்லவனோட 34-ஆவது ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன், எருமைங்களைக் காக்கப் போய் செத்துட்டான். "பட்டான்"னு போட்டிருக்கு, அந்தக் காலத்துல பட்டான்னா சண்டையில செத்தான்னு அர்த்தம். சரி, வீரனுக்குக் கல்லு நடறது நம்ம வழக்கம். ஆனா அவன் பக்கத்துல ஒரு நாயையும் செதுக்கியிருக்காங்க. அதுக்குத் தனியா எழுத்து வேற. கோவிவன்னு பேரு. கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்னுச்சுன்னு எழுதியிருக்கு.

எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. 1,300 வருஷத்துக்கு மேல ஆன ஒரு நாயோட பேரு, தமிழ்ல, நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்!

எகிப்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. கிசாவுல 1935-ல கிடைச்ச கல்லு. அபுதியுன்னு ஒரு காவல் நாய். அரசனோட நாய். அது செத்ததும் சவப்பெட்டி, நல்ல துணி, வாசனைப் பொருள் எல்லாம் கொடுத்துப் புதைக்கச் சொல்லி அரசனே ஆணை போட்டான். நாலாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, பெரிய விஷயம்தான். ஆனா என்னைக் கேட்டா, கோவிவன்தான் ஒரு படி மேல. அதுக்குப் பின்னாடி எந்த ராஜாவோட ஆணையும் இல்ல. எருமை காக்கப் போனவன் கூடவே போன நாய். அதோட பேரும் நிக்கணும்னு அந்த ஊருக்காரங்களுக்குத் தோணியிருக்கு பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அதே மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில, இப்ப ராணிப்பேட்டை மாவட்டம், பாறையைக் குடைஞ்சு பெருமாளுக்குக் கோயில் பண்ணான். அங்க இருக்கற கல்வெட்டு சமஸ்கிருதம், அதை எழுத நம்ம பக்கம் புழங்கின கிரந்த எழுத்து. கோயிலுக்கு மகேந்திர விஷ்ணுகிருகம்னு பேரு. செங்கத்துக் கல்லுலயோ அவன் பேரு "மயீந்திர பருமன்". மாடு மேய்க்கறவங்க வாயில புழங்கற மாதிரி ஆயிடுச்சு. ஒரே ராஜா. குகைக் கோயிலை மட்டும் பாத்துட்டுத் திரும்பினா இந்த மயீந்திர பருமனை நமக்குத் தெரியாமலே போயிடும்.

இப்ப உங்க கல்லுக்கு வரேன். கும்பிடறதை நிறுத்தணும்னு நான் சொல்லவே மாட்டேன். கல்லைத் தேடிப் பாக்கறது, கொண்டுவர்றது, நீராட்டறது, நடறது, படையல் போடறது, வாழ்த்தறதுன்னு தொல்காப்பியம் சொல்ற அதே வழக்கம்தான் உங்க பொங்கலு. நீங்க கும்பிட்டதாலதான் அது வரப்புக் கல்லா போகாம நின்னுக்கினு இருக்குது. ஆனா எனாமல் பெயிண்ட் அடிக்க விடாதீங்க. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. எழுத்து தெரியணும்னு ஆணியால கீறாதீங்க. ஒரு ஊர்ல நான் பாதி வரி படிச்சு வெச்சிருந்த கல்லு. மீதியைப் படிக்கலாம்னு ரெண்டு வருஷம் கழிச்சுப் போனேன். மண்டபம் புதுசா கட்டி, கல்லைச் சுத்தி நெஞ்சு உயரத்துக்கு சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிட்டாங்க. பக்தியோடதான் செஞ்சாங்க, அவங்க மேல கோபப்படவும் முடியல. அந்தப் பாதி வரி இன்னும் என் நோட்டுல அப்படியே நிக்குது.

அதனால பெரியவங்ககிட்ட பதமா பேசி, வெறும் தண்ணியும் துணியும் வெச்சுத் துடைங்க. பொழுது சாஞ்சதும் போங்க. டார்ச்சை நேரா அடிக்காதீங்க, கல்லுக்குப் பக்கவாட்டுல, ஒட்டினாப்ல புடிங்க. பகல்ல ஒண்ணுமே தெரியாத கல்லுலகூட நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வீரன் ஒடம்புல அம்பு தைச்சிருக்கா, காலுகிட்ட கெண்டி (மூக்கு வெச்ச செம்பு), சிமிழ் இருக்கா, மாடு இருக்கா, எல்லாத்தையும் தனித்தனியா போட்டோ எடுங்க. எழுத்து இருந்தா தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்க. ஈரக் காகிதம் ஒட்டி மைப்படி எடுக்கறது அவங்க வேலை, நாம அதுல கை வெக்கக் கூடாது.

எந்தக் காலத்துக் கல்லுன்னு பாக்காம சொல்ல மாட்டேன். ஆனா பல்லவர் காலமா இருந்தா முதல் வரி பெரும்பாலும் "கோவிசைய"ன்னுதான் ஆரம்பிக்கும். "கோ"ன்னா அரசன், "விசைய"ன்னா வெற்றி, அதுக்கப்புறம் ராஜா பேரு வரும். போட்டோவை எனக்கும் அனுப்புங்க தம்பி. கீழ, வீரனோட கால் பக்கத்துல நாய் ஏதாவது நிக்குதான்னும் பாத்துச் சொல்லுங்க.