பதில் வரக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கருவில் குறை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஐந்தாம் மாதம் எடுக்கிற அனாமலி ஸ்கேன் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த அறிக்கையில் எப்போதாவது 'கார்ப்பஸ் கலோசம் தெரியவில்லை' என்று ஒரு வரி வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுத தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக அவர்களிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்ல வந்தேன்.

நம் மூளை இடது, வலது என்று இரண்டு பாதி. இரண்டையும் சேர்ப்பது ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் கொண்ட ஒரு தடித்த பட்டை. அதுதான் கார்ப்பஸ் கலோசம். சில குழந்தைகளுக்கு அது கருவிலேயே முழுதாகவோ பாதியாகவோ உருவாகாமல் போகிறது. மரபணு, குரோமோசோம், தாய்க்கு வந்த சில தொற்றுகள், கர்ப்ப காலத்தில் மது என்று காரணங்கள் பல. பல குடும்பங்களில் காரணமே பிடிபடாது. கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ பப்பாளி சாப்பிட்டதாலோ இது வருவதில்லை. வீட்டில் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்காக இன்னொரு முறை சொல்கிறேன்: கிரகணத்தால் வருவதில்லை.

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போக வேண்டும், திரு.வி.க. பாலம் மூடியிருக்கிறது. என்ன செய்வீர்கள்? கோட்டூர்புரம் பாலம் வழியாகச் சுற்றிப் போவீர்கள். போய்ச் சேரலாம், நேரமாகும். மாலை ஆறு மணி என்றால் இன்னும் ஆகும். இந்தப் பிள்ளைகளின் மூளையிலும் வேறு சின்னச் சின்ன இணைப்புகள் உண்டு. அன்றாட வேலை நடந்துவிடும். பல விஷயம் ஒரே நேரத்தில், அதுவும் வேகமாக என்றால்தான் திணறுவார்கள்.

வலிப்பு நோய்க்காக இந்தப் பட்டையை வெட்டிய பெரியவர்களை ஆராய்ந்தவர் ரோஜர் ஸ்பெர்ரி. 1981இல் நோபல் பரிசு பெற்றார். அந்த நோயாளிகளின் இடது கையில், பார்க்கவிடாமல் ஒரு பொருளைக் கொடுத்தால் பெயர் சொல்ல வராது. பிறவியிலேயே பட்டை இல்லாதவர்கள் பலர் சொல்லிவிடுகிறார்கள். வளரும்போதே மூளை தனக்கு வழி தேடிக்கொள்கிறது.

இரண்டு கையும் சேர்ந்து செய்கிற வேலைதான் சிரமம். சட்டைப் பொத்தான், ஷூ லேஸ், பாவாடை நாடா, சைக்கிள். பள்ளி வேன் வந்துவிடும் என்று அம்மாவே எல்லாப் பொத்தானையும் போட்டுவிடுகிறார். தயவுசெய்து வேண்டாம். கொஞ்சம் முன்னாடி எழுப்புங்கள். மற்றதை நீங்கள் போட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது பழகியதும் கடைசி இரண்டு. முடித்த திருப்தி பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்.

அமெரிக்காவில் கிம் பீக் என்று ஒருவர் இருந்தார், 2009இல் காலமானார். இந்தப் பட்டை இல்லாதவர், மூளையில் வேறு கோளாறுகளும் இருந்தன. ஆயிரக்கணக்கான புத்தகங்கள் மனப்பாடம். ஆனால் பொத்தான் போடத் தடுமாறுவார், அப்பாதான் பார்த்துக்கொண்டார். 'எங்கள் பிள்ளைக்கும் அந்தச் சக்தி வருமா' என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் வராது. பொத்தான் வரும், அதைச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், பன்னிரண்டு வயசு. மற்றப் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டை நன்றாக முதிர்ந்து வருகிற பருவம். கேலி, குத்தல், ஜாடைப் பேச்சு எல்லாம் அவர்களுக்குச் சட்டென்று புரியும். நம் பிள்ளை அங்கேதான் பின்தங்கும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். ஐந்தாம் வகுப்புவரை நல்ல மார்க். ஒருநாள் பக்கத்துப் பையனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். ஆசிரியர் கோபத்தில், "இன்னும் சத்தமாப் பேசேன், ஹெட்மாஸ்டர் ரூம் வரைக்கும் கேக்கட்டும்" என்றார். இவன் எழுந்து நின்று சத்தமாகப் பேசினான். வகுப்பே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று இவனும் சிரித்தான். டைரியில் சிவப்பு மையில், 'திமிர் அதிகம், பெற்றோர் வரவும்.'

நான் கேட்டபோது, "சார்தானே ஆன்ட்டி பேசச் சொன்னாரு" என்றான். அவனிடம் பொய்யே இல்லை. அவர் மேலும் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. போய்ப் பேசினேன். 'பேசாதே, நோட்டை எடு' என்று நேராகச் சொல்லுங்கள் சார், கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு அடுத்தவனைக் கேளுங்கள் என்றேன். எண்ணினார். எட்டிலோ ஒன்பதிலோ பதில் வந்தது என்று அவரே பிறகு சொன்னார். வீட்டிலும் எண்ணுங்கள். அவசரப்படுத்தினால் வருகிற பதிலும் நின்றுவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. ஸ்கேன் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். வேறு கோளாறு சேராமல் இது மட்டும் என்றால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சி சாதாரணமாகவே இருக்கிறது. வேறு குறைகள் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. அதனால் கருவுக்கான எம்ஆர்ஐ, மரபணு ஆலோசனை இரண்டையும் கேளுங்கள். பிறந்த பிறகு வலிப்பு வந்தால் தாமதிக்காதீர்கள். பயிற்சிக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் ஸ்கேன் அறிக்கையோடு படங்களையும் எடுத்துப்போங்கள். வணக்கம்.