சார்ஜர் செத்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

வணக்கம். பின்னால் சத்தம் மழைதான், தகரக் கூரை, பொறுத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பது என் பைக்கில் இருந்து கழற்றிய 12 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி. வண்டி இரண்டு மாதம் சும்மா நின்றது. சார்ஜரை மாட்டினால் ஒரு லைட்டும் எரியவில்லை. போன வருடம் இதே மாதிரி ஆனபோது சார்ஜர் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். புதுசும் அதேபோல அமைதியாக உட்கார்ந்திருந்தது. அந்தக் காசு போனது போனதுதான்.

பிளக் பாயிண்ட்டில் கரண்ட் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். டெர்மினல் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதே, இதற்கு மேல் கிளிப்பைக் கவ்வவிட்டால் கரண்ட் எப்படிப் போகும்? வெந்நீரில் ஆப்பச்சோடா கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை பொங்கும். துடைத்துக் காயவைத்துக் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் சீக்கிரம் மறுபடி பூக்காது.

அப்புறம் மல்டிமீட்டர். சார்ஜர் கிளிப்பில் வைத்தேன், பூஜ்யம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். பல ஸ்மார்ட் சார்ஜர்கள், எதிரே ஒரு பேட்டரி இருப்பது தெரிந்தால்தான் வோல்டேஜை வெளியே விடும். என் பேட்டரியை அளந்தால் 3 வோல்ட்டுக்குப் பக்கம். இவ்வளவு இறங்கினால் சார்ஜர் அதை பேட்டரியாகவே மதிக்காது.

இதற்கு ஒரு வழி. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை ஜம்பர் ஒயரால் இதோடு சேர்க்க வேண்டும். பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். சார்ஜர் விழித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல பேட்டரியைக் கழற்றிவிடலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பேட்டரி உப்பியிருந்தால் இந்த வேலையே வேண்டாம். லித்தியம் பேட்டரியில் இதைச் செய்யவே கூடாது, தயவுசெய்து.

இன்னொன்று. ராத்திரி முழுக்கப் போட்டும் பச்சை லைட் வரவில்லை, கழற்றி வைத்து அளந்தால் பத்தரை வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் சார்ஜரைத் திட்டாதீர்கள். உள்ளே ஆறு செல், நிறைந்தால் செல்லுக்கு சுமார் 2.1 வோல்ட். ஒன்று படுத்துவிட்டது. புது பேட்டரிதான்.

சார்ஜர் லேசாகச் சுடுவது சகஜம். அதை மெத்தை மேல் வைத்து மூடிப் போடாதீர்கள். நானும் செய்திருக்கிறேன், தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

இதோ, சிவப்பு லைட் வந்துவிட்டது! அரை ஆம்பியரில் ஏறுகிறது, எப்படியும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்து, 12.6-க்கு மேல் நிற்கிறதா என்று நாளைக்குக் காட்டுகிறேன்.