கை வைப்பதற்கு முன்னால்

நண்பர்களே, வணக்கம்.

ஹவாயித் தீவுகளின் பாரம்பரிய மசாஜுக்கு லோமிலோமி என்று பெயர். 'லோமி' என்றால் பிசைவது, அமுக்குவது. நாம் 'பிசைந்து பிசைந்து' என்கிறோமே, அதுபோல அவர்களும் சொல்லை இரட்டிக்கிறார்கள். உப்பிட்ட சால்மன் மீனைத் தக்காளி, வெங்காயத்தோடு கையால் பிசைந்து செய்கிற பதார்த்தத்துக்கும் அங்கே இதே பெயர்தான்.

மேஜையில் படுத்ததும் எண்ணெய் தடவத் தொடங்கிவிடுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். மரபு வழியில் செய்பவர் முதலில் உட்கார்ந்து பேசுவார். எங்கே வலி, எத்தனை நாளாக வலி, மனதில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று கேட்பார். காய்ச்சல், கர்ப்பம், ரத்தக்கட்டி, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். ஆடை எவ்வளவு களைய வேண்டும், துணி போர்த்துவார்களா என்பதையும் கூச்சப்படாமல் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நீங்கள் படுத்ததும் உங்கள்மேல் கையை வைத்து அசையாமல் நிற்பார். அதுதான் 'புலே', பிரார்த்தனை. சிலர் வாய்விட்டுச் சொல்வார்கள், சிலர் மனதுக்குள். எப்போது ஆரம்பிப்பார் என்று தவிக்காதீர்கள், சிகிச்சை ஆரம்பித்தாயிற்று. வைத்த கை எடுக்கப்படாமல் இருக்க இருக்க, தோள் தானாகவே கீழே இறங்கும். எனக்கு லோமிலோமியில் மிகப் பிடித்த நேரம் இதுதான்.

ஹவாய்த் தீவில் கெயலாகெகுவா விரிகுடாவுக்கு அருகில் வாழ்ந்தவர் மார்கரெட் மச்சாடோ. லோமிலோமியைத் தாத்தாவிடம் கற்றவர். குடும்பத்துக்குள்ளேயே கைமாறி வந்த இந்தக் கலையை 1970களில் வெளியாருக்கும் கற்றுக்கொடுத்தார். 2009இல் மறையும்வரை அவர் வலியுறுத்தியது பிரார்த்தனையையும் அன்பான தொடுதலையும்தான். கவாயி தீவின் இன்னொரு ஆசான் ஏபிரகாம் கவாயி. அவர் வழியில் வந்தவர்களிடம் நடனம் போன்ற அசைவு அதிகம். வழிக்கு வழி முறை மாறும்.

சரி, பிசைவதற்கு வருவோம். எண்ணெய் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் அல்லது குகுயி என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய். அந்தக் காலத்தில் கல்விளக்கில் எரிந்ததும் குகுயிக் கொட்டையின் எண்ணெய்தான். விரல்நுனி மட்டும் வேலை செய்வதில்லை. முன்கையின் மெத்தென்ற சதைப்பகுதி முழுதும் உங்கள் இடுப்பிலிருந்து தோள்வரை ஒரே வீச்சில் நீவிப் போகும், திரும்பி வரும். கரை ஏறி இறங்கும் அலையை முதுகால் உணர்வது போல இருக்கும். எங்காவது சுளீரென்று வலித்தால் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துத் தாங்குவதில் ஒரு பலனும் இல்லை. அழுகை வந்தால் அழுங்கள். அப்படி அழுதவர்கள் பலர் உண்டு.

முடியும்போது மறுபடியும் அந்தக் கை அசையாமல் உங்கள் முதுகில் நிற்கும். அது எடுக்கப்பட்ட பிறகும் கொஞ்ச நேரம் படுத்திருங்கள். தலை லேசாகச் சுற்றலாம். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாகத் தரையில் ஊன்றுங்கள்.