எண்ணெய் காறுவதும் செல் சாவதும்

(மும்பை தாராவியில் முறுக்குத் தொழில் செய்வோர் கூட்டத்தில் பேசியது)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தாராவிக்கு வந்து முறுக்குப் பக்குவம் சொல்லித்தரும் தைரியம் எனக்கில்லை. சட்டியில் மிஞ்சும் எண்ணெயைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் கார்பன் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். அவற்றுக்கு நடுவே மாட்டியிருக்கும் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்ப்பது சுலபம். பிய்ந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும். அப்புறம் அது சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு பெராக்சைடு ஆகிவிடும். தாதர் ஸ்டேஷனில் பர்ஸைப் பறிகொடுத்தவன் பக்கத்தில் நிற்பவன் பர்ஸை உருவ, அவன் அடுத்தவனுடையதை உருவ, கூட்டம் முழுக்க இப்படியே போனால் எப்படியிருக்கும்? அதுதான்.

ஆகவே நேற்றைய எண்ணெயில் புது எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. புதுசும் சேர்ந்து கெடும். இரும்புச் சட்டியிலேயே ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் இன்னும் மோசம். இரும்பு அங்கே சேர்ந்திருக்கும் பெராக்சைடை உடைத்து, புதிய ரேடிக்கல்களை, அதாவது இப்படிப் பறிக்கும் துண்டுகளை, கிளப்பிவிடும். வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வையுங்கள். எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் கழிவுகளைப் போலார் பொருட்கள் என்பார்கள்; 2018 ஜூலை முதல், அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாதென்பது சட்டம். தேங்காய் எண்ணெய் இவ்வளவு சீக்கிரம் காறாது, அதில் இரட்டைப் பிணைப்பு குறைவு. அதனால் அது இதயத்துக்கு நல்லதென்று ஆகிவிடாது. அது வேறு வழக்கு.

சட்டி எண்ணெய் நேராகப் போய் நம் உடம்பின் செல்லில் உட்காரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செல்லின் சவ்வும் கொழுப்புதான், அங்கேயும் இதே பறிப்பு நடக்கிறது. மூளை செல்லிலும் விழித்திரையிலும் நிறைய இருக்கும் டிஎச்ஏ கொழுப்பில் இரட்டைப் பிணைப்பு ஆறு! உடைந்த கொழுப்பிலிருந்து வரும் ஹைட்ராக்ஸிநோனெனல் என்ற ஆல்டிஹைடு புரதங்களில் ஒட்டி, அவற்றின் வேலையைக் கெடுக்கும். ஜிபிஎக்ஸ்4 என்ற செலினியம் கொண்ட நொதி, சவ்வில் சேரும் பெராக்சைடை ஆபத்தில்லாத ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அது ஓய்ந்தால், செல்லுக்குள் இருக்கும் இரும்பே சவ்வைச் சிதைத்துச் செல்லைக் கொன்றுவிடும். இந்தச் சாவுக்கு 2012-இல் பெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

வைட்டமின் ஈ இந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கும் என்பது உண்மை. சரி, மாத்திரையாகவே விழுங்கலாமே என்று ஓர் அக்கா கேட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 35,000 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 2011-இல் வந்த முடிவில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.