உபுண்டு தானாக அப்டேட் ஆகிறதா? லாக் (log) ஃபைலைத் திறந்து பார்ப்போம்

வணக்கம் மக்களே. "லினக்ஸ் போட்டாச்சு, செக்யூரிட்டி அப்டேட் வந்திருக்கிறதா என்று தினமும் நான்தான் பார்க்க வேண்டுமா?" என்று கமெண்டில் நிறைய பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ் அந்த வேலைக்கென்றே இருக்கிறது. உபுண்டுவில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் இல்லையென்றால் ஒரே கட்டளையில் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்கிரீனைப் பாருங்கள். 20 என்று தொடங்கும் இந்த செட்டிங்ஸ் ஃபைலில் இரண்டே வரிகள். முதலாவது, அப்டேட் பட்டியலைப் புதுப்பி. இரண்டாவது, இன்ஸ்டால் செய். பக்கத்தில் இருக்கும் 1 என்பது நாள் கணக்கு. 7 என்று மாற்றினால் வாரம் ஒருமுறைதான் ஓடும். மாற்றாதீர்கள். தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் கதை ஒன்று: 2017 மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்துவிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களை மே 12-ல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் மால்வேர் வந்து பூட்டியது.

அடுத்து, 50 என்று தொடங்கும் ஃபைல். இதில் செக்யூரிட்டி என்று முடியும் வரி திறந்திருக்கிறது. அப்டேட்ஸ் என்று முடியும் வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அப்படியே விடுங்கள். ஓட்டையை அடைப்பது மட்டும் தானாக நடக்கட்டும், மற்றதை நீங்கள் பார்த்துப் போடுங்கள்.

இது வழக்கமாகக் காலை 6 மணியை ஒட்டி ஓடும். அப்போது லேப்டாப் அணைந்திருந்தால், ஆன் செய்ததும் ஓடும். அந்த நேரம் பார்த்து நீங்கள் எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் "பூட்டு (lock) கிடைக்கவில்லை" என்று திட்டும். உடனே யாரோ சொன்னார்கள் என்று, இரண்டு இன்ஸ்டால் ஒன்றோடொன்று மோதாமல் தடுக்கும் அந்தப் பூட்டு ஃபைலை அழிக்கக் கிளம்பாதீர்கள்! கொஞ்சம் பொறுங்கள், அதுவே முடித்துவிடும்.

சரி, இப்போதுதான் முக்கியமான இடம். அப்டேட் இன்ஸ்டால் ஆகிவிட்டது என்பதற்காக அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடையில் புது விலைப்பட்டியல் ஒட்டியாகிவிட்டது, கல்லாவில் இருப்பவர் மட்டும் பழைய விலையையே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தபோது இதே கதைதான். ஓட்டை இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியைப் புதுப்பித்த பிறகும், ரீஸ்டார்ட் செய்யாத வெப் சர்வர்கள் மெமரியில் இருந்த பழைய லைப்ரரியோடுதான் ஓடிக்கொண்டிருந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் அப்படியே, ரீபூட் செய்யும்வரை பழையதுதான் ஓடும்.

இதோ, வார் ரன் (/var/run) ஃபோல்டரில் ரீபூட் ரிக்வயர்ட், அதாவது ரீபூட் தேவை, என்று ஒரு ஃபைல் வந்து உட்கார்ந்திருக்கிறது. என்னுடையதில் இப்போதே இருக்கிறது, பாருங்கள். தானாக ரீபூட் ஆகும் வசதி ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். வீட்டு லேப்டாப்பில் அப்படியே இருக்கட்டும். இரவில் யாரும் தொடாத சர்வர் என்றால் 2 மணிக்கு வைத்துவிடுங்கள்.

அப்புறம் இந்த லாக் (log) ஃபைல், அதாவது தினமும் என்ன நடந்தது என்று எழுதி வைக்கும் பதிவேடு. "அப்கிரேட் செய்ய எதுவும் இல்லை" என்று தினமும் வரிசையாக எழுதியிருந்தால் நிம்மதியாக இருக்கும், இல்லையா? உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. வழக்கமான அப்டேட் வருவது நின்றுவிட்டதால், அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதே வரிதான் வரும். உபுண்டு ப்ரோ என்ற நீட்டித்த ஆதரவுத் திட்டத்தைச் சேர்த்தால் இன்னும் சில வருடம் ஓட்டலாம், சொந்த உபயோகத்துக்கு 5 கம்ப்யூட்டர் வரை இலவசம்.

உங்கள் லாக்கில் கடைசியாக ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் ஆன தேதி என்ன? கமெண்டில் போடுங்கள். மாதக்கணக்கில் எதுவும் வரவில்லையென்றால் வெர்ஷன் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.