கானில்லாத சுரப்பிகள்

வணக்கம் வானொலி நேயர்களே.

போன மார்கழியில் ஒரு காலை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருவர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் இரத்தப் பரிசோதனைத் துண்டு. கழுத்தைச் சுற்றித் துவாய். யாழ்ப்பாணத்து மார்கழி என்ன பெரிய குளிர்? ஆனால் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். முகமும் கொஞ்சம் ஊதிக் கிடந்தது.

“ரீச்சர், எனக்குத் தைரொயிட் எல்லே. இப்ப பார்த்ததில கூடிப்போச்சு. அதுதான் குளிசையைப் பாதியாக்கிப் போட்டன்” என்றார்.

துண்டை வாங்கிப் பார்த்தேன். ரி.எஸ்.எச் என்ற இடத்தில் 18 என்று இருந்தது. எனக்குப் பகீர் என்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்தத் துண்டை மறந்துவிடாதீர்கள், நானும் மறக்கமாட்டேன்.

முதலில் “எனக்குத் தைரொயிட்” என்ற பேச்சை எடுப்போம். சந்தையில், கோயில் வீதியில், செத்தவீட்டில்கூட இது காதில் விழுகிறது. “அவவுக்குத் தைரொயிட்”, “இவருக்குப் பிறசர்”, “அவருக்குச் சுகர்”. நேயர்களே, தைரொயிட் எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தில், வண்ணத்துப்பூச்சி செட்டையை விரித்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி அது. இரத்த அழுத்தம் இல்லாதவரை இடுகாட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். உறுப்பின் பெயரையே வருத்தத்தின் பெயராக்கிவிட்டோம். அப்படி ஆக்கியதால், அந்த உறுப்பு கூடுதலாக வேலை செய்கிறதா, குறைவாக வேலை செய்கிறதா என்ற கேள்வியே எழாமல் போய்விட்டது. இரண்டும் கிழக்கும் மேற்கும். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதற்கு நஞ்சுபோல.

நான் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள். சொல்லில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

1993ஆம் ஆண்டு. மின்சாரம் இல்லாத காலம். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். கொப்பிக்கு ஒற்றை கிடைப்பதே பெரிய பாடு. ஒரு புத்தகத்தை நாலு பேர் பார்ப்பார்கள். அந்த நாளில் நான் ஒரு தவணைப் பரீட்சையில் கேட்டேன்: “கானில் சுரப்பி என்றால் என்ன? இரண்டு உதாரணம் தருக.”

ஒரு பெடியன் எழுதியிருந்தான்: “கானுக்குள் சுரக்கும் சுரப்பி. உதாரணம்: உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி.”

நம் ஊரில் கான் என்றால் உங்களுக்குத் தெரியும். மாரி மழைக்கு நிரம்பி வழிகிற தெருவோரக் கான். உடலிலும் சில சுரப்பிகளுக்குச் சிறிய கான்கள் உண்டு. உமிழ்நீர் கான் வழியாகத்தான் வாய்க்கு வருகிறது. கண்ணீர் கான் வழியாகத்தான் கண்ணுக்கு வருகிறது. அப்படியென்றால் அவன் எழுதியது? நான் கேட்டதற்கு நேர் எதிரானது! கானில் சுரப்பி என்றால் கான் இல்லாத சுரப்பி. தைரொயிட் போல, கபச்சுரப்பி போல. தான் சுரப்பதை நேரே இரத்தத்தில் விட்டுவிடும்.

பூச்சியம் போட்டேன். பெடியன் விடவில்லை. “ரீச்சர், வீட்டில் என்றால் வீட்டுக்குள். கிணற்றில் என்றால் கிணற்றுக்குள். கானில் என்றால் மட்டும் கான் இல்லையோ?”

எனக்குப் பதில் வரவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு தமிழ் வாத்தியாரிடம் போனேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். “கேடில் விழுச்செல்வம் என்கிறது குறள். கேடு இல்லாத செல்வம். கேட்டுக்குள் இருக்கிற செல்வம் என்றால் ‘கேட்டில்’ என்று டகரம் இரட்டித்திருக்கும். கேடு என்ற சொல் நல்ல பிள்ளை, இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். கான் காட்டாது. கானுக்குள் என்றாலும் கானில்தான், கான் இல்லாத என்றாலும் கானில்தான். பெடியன் இலக்கணப்படி பிழைவிடவில்லை, ரீச்சர்.”

அரை மார்க் போட்டேன். பெடியன் முழு மார்க்கை எதிர்பார்த்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் வகுப்பில் அகஞ்சுரக்கும் சுரப்பி என்றே சொல்லிவந்தேன். தமிழ்நாட்டார் நாளமில்லாச் சுரப்பி என்பார்கள். அதில் ‘இல்லா’ என்று பளிச்சென்று இருக்கிறது, அவர்கள் தப்பிவிட்டார்கள்.

சரி, கான் இல்லாமல் எப்படி வேலை நடக்கிறது? படம் கீறிக் காட்ட வழியில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து நேயருக்குப் படம் எதற்கு? நம்மைச் சுற்றித் தீவுகள் இருக்கின்றனவே. வேலணைக்குப் பண்ணைப் பாலத்தால் போகலாம், புங்குடுதீவு வரை பஸ் ஓடும். நெடுந்தீவுக்கு? குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். ரோட்டு கிடையாது, கடல்தான் ரோட்டு. கான் உள்ள சுரப்பி வேலணை மாதிரி. அதற்குப் போட்ட பாதை ஒன்று உண்டு, சரக்கு அந்தப் பாதையால் ஓரிடத்துக்கே போகும். கானில்லாத சுரப்பி நெடுந்தீவு மாதிரி. சரக்கைத் தண்ணீரில் இறக்கிவிடும், தண்ணீர் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போகும். இங்கே தண்ணீர் என்றது இரத்தம். அந்தச் சரக்குத்தான் ஓமோன்.

இந்த இரண்டு விதமும் ஒரே உறுப்பில் இருந்தால்? இருக்கிறது. சதையி. தமிழ்நாட்டில் கணையம். அதன் பெரும்பகுதி சமிபாட்டு நீரைச் சுரந்து கான் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. நடுவே அங்கொன்று இங்கொன்றாகச் சின்னச் சின்னத் திட்டுகள். அவற்றுக்குக் கான் இல்லை. 1869இல் பெர்லினில் லாங்கர்ஹான்ஸ் என்ற இளம் மாணவர் நுணுக்குக்காட்டியில் அவற்றைப் பார்த்து எழுதிவைத்தார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் அவர் பெயரை வைத்து லாங்கர்ஹான்ஸின் சிறுதீவுகள் என்றார்கள். தீவு! இலத்தீனில் தீவுக்கு இன்சுலா. அதிலிருந்து சுரக்கும் பொருளுக்கு இன்சுலின். நீங்கள் காலையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுகிற ஊசிமருந்துக்குத் ‘தீவுச் சாறு’ என்று தமிழில் பெயர் வைத்தாலும் பிழையில்லை.

இன்னொரு வேடிக்கை, பெயர்தான் முதலில் வந்தது. சாறு கைக்குக் கிடைத்தது 1921இல், நம்மில் பாதிப் பேருடைய சொந்தக்காரர் இருக்கிற அதே ரொறன்ரோவில். பான்ரிங், பெஸ்ற் என்ற இருவர் நாயின் சதையியிலிருந்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டு தை மாதம், நீரிழிவால் சாகக் கிடந்த பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை, சாற்றைச் சுத்தம் செய்து மறுபடி போட்டபோது சீனி இறங்கியது. அதற்கு முன் அந்த வருத்தம் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினி போடுவதைத் தவிர வழியில்லை.

லாங்கர்ஹான்ஸ் பிறந்தது 1847இல். அதே 1847இல்தான் வைத்தியர் கிறீன் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். அவர் கையில் ஓமோன் கிடைத்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பேன். கிடைக்கவில்லை. அவர் 1884இல் இறந்துவிட்டார். ஓமோன் என்ற சொல்லை ஸ்ராலிங் என்ற ஆங்கிலேயர் லண்டனில் ஒரு விரிவுரையில் சொன்னது 1905இல். கிரேக்கத்தில் ‘கிளப்பிவிடுகிறேன்’ என்று பொருள். நம் ஊரில் ஒருவர் காதில் ஒன்றை ஓதி மற்றவரைக் கிளப்பிவிடுவார்களே, ஏறத்தாழ அதே வேலைதான்.

இனிக் கபச்சுரப்பி. மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்குப் பின்னே, ஒரு கடலை அளவு. மேலைநாட்டு முன்னோர் மூளையில் ஊறும் சளி இதன் வழியாக மூக்குக்கு இறங்குகிறது என்று நம்பினார்கள். அதனால் இலத்தீனில் சளியை வைத்துப் பெயரிட்டார்கள். நம் கலைச்சொல் ஆக்கியவர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் கபச்சுரப்பி ஆக்கிவிட்டார்கள். சளிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்திருக்கிறோம். ஆனாலும் எனக்கு இந்தச் சொல்லை விட மனமில்லை. (தடிமன் வந்தால் கபச்சுரப்பியைக் காட்ட வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டாம்.)

இதன் வேலை அதிகாரம் பண்ணுவது. தைரொயிட்டைப் பார்த்து ‘சுர’ என்று கட்டளை போடும். அந்தக் கட்டளைதான் ரி.எஸ்.எச். தைரொயிட் தூண்டும் ஓமோன்.

வந்துவிட்டோம், நம் தங்கச்சியின் துண்டுக்கு. அம்மா குசினிக்குள் நின்று மகனைக் கூப்பிடுகிறார். மகன் உடனே ஓடிவந்தால் அம்மா மெதுவாகத்தான் கூப்பிடுவார். வராவிட்டால்? குரல் ஏறும். இன்னும் வராவிட்டால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். ரி.எஸ்.எச் அந்த அம்மாவின் குரல். அது 18 என்றால் தைரொயிட் என்ற மகன் அசையாமல் கிடக்கிறான். சாதாரணமாக அது சுமார் 0.4 இலிருந்து 4 வரை இருக்கும், ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும். தாளில் இலக்கம் கூட, சுரப்பியில் வேலை குறைய. குளிசை என்பது தைரொயிட் சுரக்காமல் விட்ட தைரொட்சின் என்ற ஓமோனைத்தான் வெளியிலிருந்து கொடுப்பது. ஏற்கெனவே போதாமல் இருந்ததை அவர் பாதியாக்கிவிட்டார். அந்தக் குளிர், ஊதின முகம், களைப்பு, மலச்சிக்கல் எல்லாம் அதனால்தான். திரும்பவும் சொல்கிறேன், ரி.எஸ்.எச் கூடினால் பெரும்பாலும் தைரொயிட் குறைவு. அன்றைக்கே அவரை கிளினிக்குக்கு அனுப்பினேன்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். “குளிசையை எப்படிப் போடுறனீங்கள்?”

“தேத்தண்ணியோட, ரீச்சர். கல்சியக் குளிசையும் சேர்த்து. ஒரேயடியாய் முடிஞ்சிடுமெல்லே.”

அங்கேயும் பிழை. தைரொட்சினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் தேநீரும் சாப்பாடும். கல்சியம், இரும்புச் சத்துக் குளிசைகள் இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அவை தைரொட்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடம். என் தாளில் இன்னும் ஒரு பக்கம் கிடக்கிறது.

உப்பு. தைரொயிட் தன் ஓமோனைச் செய்ய அயடீன் வேண்டும். ஆனையிறவுப் பக்கம் கடல் உப்பைத் தின்று வளர்ந்த நமக்கு அயடீன் தானாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் நீரை வெயிலில் காயவைத்த உப்பில் அயடீன் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால்தான் அயடீன் சேர்த்த உப்பு. அதைத் திறந்த பேணியில் அடுப்படியில் வைக்காதீர்கள்.

அதிரினல் சுரப்பி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருப்பது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பது அதன் அதிரினலினால். அதே சுரப்பி சுரக்கும் ஸ்ரெரொயிட் ஓமோனின் கதையும் இருக்கிறது, அது தனியாக ஒரு நாள் பேச வேண்டியது. இப்போதைக்கு, நாள்பட்ட ஸ்ரெரொயிட் குளிசையை வைத்தியரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவே வேண்டாம். சுரப்பி தூங்கிப்போயிருக்கும், உடனே எழும்பாது.

தம்பி இப்போது ஒரு விரல். சலரோகம், நீரிழிவு, மதுமேகம் என்ற மூன்று சொல்லைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. தங்கச்சி போன மாதம் துண்டோடு மறுபடி வந்தார். ரி.எஸ்.எச் 3. துவாயைக் காணவில்லை. வணக்கம்.