எடை பார்க்கும் நாளும் நம் பிள்ளைகளும்

நேயர்களுக்கு வணக்கம். ஜூடோ பழகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கலாம். அந்தப் பிள்ளை போட்டிக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். சாப்பாடு, பயிற்சி, தூக்கம் மூன்றையும் சொல்ல ஆசை. ஆனால் என் மனசில் முதலில் வந்து நிற்பது எடை.

ஜூடோவில் எடைப் பிரிவு வைத்துத்தான் மோத விடுவார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 50, 55, 60, 66 கிலோ என்று போகும். பெண் பிள்ளைகளுக்கு 40, 44, 48, 52 என்று போகும். ஐம்பத்தேழு கிலோ இருக்கிற பையன் என்ன நினைக்கிறான்? ரெண்டு கிலோ குறைத்து 55இல் இறங்கினால் தன்னைவிடச் சின்னவர்களோடு மோதலாமே என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த ரெண்டு கிலோ உடம்பில் எங்கிருந்து போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

முட்டம் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் ஜூடோ பழகினான். கரமடி வலையைக் கரையில் நின்று இழுப்பவர்களின் முன்கையைக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. எதிராளியின் காலரை இவன் பிடித்துவிட்டால் விடுவிப்பது பெரும்பாடு. ஒரு மாநிலப் போட்டிக்கு நாகர்கோவிலில் ரயில் ஏறினோம். ராத்திரி எல்லோரும் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், இவன் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து துப்பிக்கொண்டே வருகிறான். “என்னடே, வயிறு சரியில்லியா?” என்றேன். “ஒண்ணுமில்ல சாரே, துப்புனா எடை குறையும்னு அண்ணன்மாரு சொன்னாவ” என்றான். விசாரித்தால், மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. முந்தின நாள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடியிருக்கிறான். அம்மா கட்டிக்கொடுத்த இட்லி பிரிக்கப்படவே இல்லை. எவ்வளவு சொல்லியும் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை.

காலையில் எடை சரியாக 55 நின்றது. முதல் ஆட்டத்தை ஜெயித்தான். ரெண்டாவது ஆட்டத்தில், மூன்றாவது நிமிஷம், அந்தக் கை மூடவில்லை. பிடிக்கிறான், நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறான், மறுபடி நழுவுகிறது. எதிராளி தரையில் அமுக்கிவிட்டான். 20 விநாடி அப்படியே அமுக்கி வைத்தால் இப்பான், அதாவது முழுப் புள்ளி, ஆட்டம் முடிந்தது. ஆடும் மெத்தையை விட்டு இறங்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நடக்கவே முடியவில்லை.

ஒரு ராத்திரியில் குறைந்தது கொழுப்பு இல்லை, தண்ணீர். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும், சூடு வெளியேறாமல் உள்ளேயே நிற்கும். உடல் எடையில் நூற்றுக்கு ரெண்டு பங்கு நீர் போனாலே ஆட்டத்திறன் குறையத் தொடங்கும். நாற்பது கிலோ பிள்ளைக்கு அது வெறும் 800 கிராம். இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி அவசரமாக எடை குறைக்கப் போய் உயிரையே விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே விதிகளை மாற்றினார்கள்.

வளரும் பிள்ளையின் எடை ஏறத்தான் செய்யும். மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 2022இல் சரயேவோவில் கேடட் என்கிற பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் உலகப் போட்டியில் தங்கம் வாங்கியது 57 கிலோவில். 2025இல் லிமாவில் ஜூனியர் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியது 63 கிலோவில். பிரிவு மேலே போனதால் அந்தப் பெண்ணுக்கு என்ன குறைந்துவிட்டது? நம் முட்டத்துப் பையனும் அடுத்த வருஷம் சாப்பிட்டுவிட்டு 60இல் இறங்கினான். பதக்கம் வரவில்லை. ஆனால் கடைசி ஆட்டத்தில் கோல்டன் ஸ்கோர் என்கிற கூடுதல் நேரம் வரைக்கும் காலரை விடவில்லை.

அப்படியானால் எதைச் சாப்பிடக் கொடுப்பது? எடை பார்த்து முடிந்ததும் உப்புப் போட்ட கஞ்சி, ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் ஒரு மட்டி வாழைப்பழம், மிடறு மிடறாகத் தண்ணீர். வீட்டில் சாதாரண நாட்களில் புட்டும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் மீனும் போதும். டப்பா பவுடர் தேவையில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். விடியற்காலையில் பிள்ளையை எழுப்பிக் கிலோமீட்டர் கணக்கில் ஓட விடுகிறார்கள். ஓட்டம் கொஞ்சம் வேண்டும், மூச்சு சீக்கிரம் திரும்ப அது உதவும். ஆனால் ஜூடோ ஆட்டம் நாலு நிமிஷம். சில விநாடி முழு பலத்தோடு இழுபறி, நடுவர் “மத்தே”, அதாவது நிறுத்து, என்றதும் ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி இழுபறி. பயிற்சியும் அப்படித்தான் இருக்க வேண்டும். சொத்தவிளை கடற்கரை மணலில் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடி, நின்று, மறுபடி ஓடலாம். பழைய ஜூடோ சட்டையைக் கம்பியில் போட்டு, அதன் காலரைப் பிடித்துத் தொங்கி எழும்பலாம். பளு தூக்குவதைப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. கையில் பிடி நின்றால்தான் மற்ற வித்தைகள் எல்லாம். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

தூக்கம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சியைக் குறையுங்கள், ராத்திரி செல்போனை வாங்கி வையுங்கள். பெண் பிள்ளைகளின் அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை: எடை குறைக்கும் காலத்தில் மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ பயிற்சி அதிகம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்னால் பிள்ளையின் இன்றைய எடையைப் பாருங்கள், எந்தப் பிரிவு என்று பயிற்சியாளரிடம் நேரில் கேளுங்கள். நன்றி, வணக்கம்.